ஊர் நாக்கில் ஒருத்தி

நாகர்கோவில் ரோஸ்லின் டீச்சர் குறை எழுதாத நிகழ்ச்சி எங்கள் சேனலில் கிடையாது. செய்தி வாசிக்கிற பெண்ணின் கம்மல் பெரிசாக இருக்கிறது என்பதில் தொடங்கி, மழை அறிக்கையில் கன்னியாகுமரியை விட்டுவிட்டீர்கள் என்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் எழுதுவார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எழுதுவதை விட்டால் வேறு வேலை இல்லை, எனக்கு அதைப் படிப்பதை விட்டால் வேறு வேலை இல்லை. வடபழனியில் எங்கள் அலுவலகத்தின் நேயர் கருத்துப் பிரிவு என்பது நான், ஒரு கணினி, டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். என் பெயர் பேச்சியம்மாள். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம்.

அடுப்பரசன் தொடர் ஆரம்பித்த வாரம் டீச்சர் எழுதிய குறையைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். மீன் குழம்புக் காட்சியில் ருசி பிரமாதமாம். ஆனால் கர்த்தர் புண்ணியத்தில் தனக்கு எல்லாப் பல்லும் சொந்தப் பல்லாக இருக்க, உங்கள் தொடரைப் பார்க்கும்போது மட்டும் இடது பக்கம் மேலே ஒரு பல் இல்லாததுபோல இருக்கிறது, நாக்கு அந்த இடத்துக்கே போய்ப் போய் நிற்கிறது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். டீச்சருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தங்கள் கருத்துக்கு நன்றி என்று அனுப்பிவிட்டேன்.

சுவைப்பட்டை பற்றிச் சொல்ல வேண்டும். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக ஒரு பட்டை. அதை வாய்க்குள் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் திரையில் சாப்பிடுவது உங்கள் வாயில் தெரியும். முன்னாலேயே ஒருவர் அதே மாதிரி பட்டையை ஒட்டிக்கொண்டு நிஜமாகச் சாப்பிட்டிருப்பார். அவர் வாயில் நடந்ததைப் பிடித்து வைத்து நமக்கு அனுப்புவார்கள். எங்கள் சேனல்தான் முதலில் கொண்டுவந்தது. ஊரே பைத்தியமாக ஒட்டிக்கொண்டு அலைந்தது. நான் மட்டும் தொடவில்லை. ஊரான் எச்சிலை நான் எதுக்குய்யா வாயில் வைக்கணும்? எங்கள் பொறியாளர் ஜெபசிங் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவான். இதில் எச்சிலும் கிடையாது ஒன்றும் கிடையாது, வெறும் மின்சாரம், அதுவும் ஒருவழி, அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகாது என்பான். போடா போக்கத்தவனே என்பேன்.

தொடர் யாரைப் பற்றியது என்றால், செஃப் தில்லைநாதன். கல்யாண வீட்டுச் சமையல் கோஷ்டியில் கரண்டி பிடித்து, பெரிய ஓட்டலுக்குப் போய், அங்கிருந்து டிவிக்கு வந்தவர். நேரலையில் ஒரு உதவியாளர் கையில் பழுக்கக் காய்ந்த தோசைத் திருப்பியை வைத்து அழுத்தினாரே, அவரேதான். வழக்கு வந்தது, மன்னிப்பு வந்தது, அதற்குப் பிறகு அவர் முன்னைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். திட்டிக்கொண்டே பார்க்கிற கூட்டம் எவ்வளவு பெரிசு என்று எங்கள் நிகழ்ச்சித் தலைவர் பரசுராமனுக்குத் தெரியும். அதனால்தான் அவர் வாழ்க்கையைத் தொடராக எடுத்தார். அழகான ஒரு நடிகனைப் போட்டு, தோசைத் திருப்பி சம்பவத்தைக்கூடத் தொழில் பக்தி என்று காட்டினார்கள். தொடரில் வரும் ருசி எல்லாம் தில்லைநாதனின் சொந்த நாக்கில் பதிவானது என்று விளம்பரம். ஏற்காட்டில் இருக்கும் தன் பங்களாவில், காட்சியை எதிரே ஓடவிட்டு அதற்கேற்பச் சாப்பிட்டு, அவரே பதிவு செய்து அனுப்பினார். எங்கள் ஆட்கள் யாரையும் உள்ளே விடவில்லை.

அந்த ஆளை எனக்குக் கண்டாலே ஆகாது. அதற்கு ஒரு காரணம் உண்டு, அப்போது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. என் தங்கை இசக்கி அவரிடம் வேலைக்குப் போனவள். அப்பா எவ்வளவு கத்தியும் கேட்காமல் போனாள். ஆரம்பத்தில் போனில் ஒரே பெருமை. யக்கா, அவரு எதையும் வாயில வைக்கவே மாட்டாரு, நான் சரின்னு சொன்னாத்தான் அடுப்பை விட்டே இறக்குவாரு என்பாள். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு, மலேசியாவில் வேலை கிடைத்துவிட்டது, தேட வேண்டாம் என்று அம்மாவுக்கு ஒரு செய்தி வந்தது. நான் அவர் ஓட்டல் வாசலில் போய் நின்றேன். போலீசில் எழுதிக் கொடுத்தேன். அவள் விருப்பப்பட்டுப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா அவள் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்றார். அதற்குப் பிறகும் மலேசியாவிலிருந்து யார் வந்தாலும் நான் விசாரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

டீச்சரின் குறைக்குப் பிறகு அதே மாதிரி வர ஆரம்பித்தது. முதலில் பல். திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரே எழுதியிருந்தார், வாயில் இல்லாத ஓட்டையைக் காட்ட நிறையப் பேர் தன்னிடம் வருகிறார்கள் என்று. அடுத்து கிராம்பு. எந்தப் பதார்த்தமாக இருந்தாலும், பால் பாயசமே ஆனாலும், கடைசியில் அந்த ஓட்டைப் பக்கமாக லேசாகக் கிராம்பு காரம் வருகிறதாம். அதற்கப்புறம் வந்தவைதான் எனக்குப் பிடிக்கவில்லை. திரையில் தில்லைநாதன் கிட்டே வரும்போதெல்லாம் வாய் வறண்டு போகிறது என்று எழுதினார்கள். நடிகன் சிரிக்கிறான், பின்னால் பாட்டு ஓடுகிறது, கதாநாயகி வெட்கப்படுகிறாள், பார்க்கிறவன் நாக்கு மட்டும் மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. கரூரில் ஒரு குழந்தை தட்டை மடியில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறதாம். தருமபுரி பஸ் டிரைவர் ஒருவர் எழுதியிருந்தார்: வீட்டில் மனைவி உப்பு சரியா என்று கேட்டால், சோறு இன்னும் வாய்க்கே போகாதபோது, சரியா இருக்கு என்று தன் வாய் சொல்லிவிடுகிறது, பட்டை போடாத நாளிலும் சொல்கிறது, இது ஏதாவது வியாதியா என்று.

இதையெல்லாம் தொகுத்துப் பரசுராமனிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை வாராவாரம் ஏறிக்கொண்டிருந்தது. வறட்சி வருகிற இடங்களை வெட்டிவிடலாமா என்று கூட வந்த ஜெபசிங் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

"பயமும் ஒரு ருசிதானேம்மா. அதுக்காகத்தானே திரும்பத் திரும்ப வர்றாங்க" என்றார் பரசுராமன்.

வெளியே வந்ததும் ஜெபசிங்கைப் பிடித்துக்கொண்டேன். இந்த வறட்சி எங்கிருந்து வருகிறது, பாட்டுக்கும் வெளிச்சத்துக்கும் போடுகிற மாதிரி நீங்களே சேர்த்ததா என்று கேட்டேன்.

"நாங்க எதையும் சேர்க்கலைக்கா" என்றான். "ருசியை மட்டும் தனியா எடுக்க முடியாது. அது வாயோடதான் வரும். அந்த வாயில எத்தனை பல்லு, எவ்வளவு எச்சில் ஊறுது, நாக்கு எங்க போய் நிக்குது, எல்லாம் சேர்ந்துதான் ருசி. பதிவு பண்ணின ஆளுக்கு வாய் வறண்டிருந்தா பார்க்கிறவனுக்கும் வறளும்."

"அப்போ தில்லைநாதன் தன்னையே பார்த்துப் பயப்படுறானா?"

நான் என் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் மேலே ஒரு ஓட்டை. கிராம்பு. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் சித்தி மகள் கல்யாணத்தில், பல்லால் கலர் பாட்டில் மூடியைத் திறக்கிறேன் பார் என்று பந்தயம் கட்டிப் பல்லை உடைத்துக்கொண்டவள் இசக்கி. வலிக்கு வைக்கத் தொடங்கிய கிராம்பை அதற்குப் பிறகு அவள் விடவேயில்லை. பள்ளிக்கூடம், பஸ், கோயில், எங்கே போனாலும் அந்த ஓட்டையில் ஒரு கிராம்பு இருக்கும்.

ஜெபசிங்கிடம் ஒரு பட்டை வாங்கி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டேன். அவன் இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. கத்தரிக்காய்க் கொத்சு வரும் காட்சியைப் போட்டான். முதலில் புளி வந்தது, பிறகு நல்லெண்ணெய். நன்றாகத்தான் இருந்தது. என் நாக்கு தானாக எழுந்து இடது பக்கம் போயிற்று. எனக்குப் பல் இருக்கிற இடத்தில் பல் இல்லை. வழவழவென்று ஈறு, அதன் ஓரத்தில் பாதி உடைந்த பக்கத்துப் பல்லின் கூர், அங்கே ஒரு கிராம்பு. திரையில் நடிகன் திரும்பினான். என் வாய் காய்ந்தது. முதுகு தானாக நிமிர்ந்து, சரியா இருக்கு என்று சொல்ல என் நாக்கு எழுந்தது. அந்த நாக்கை எனக்குத் தெரியும். பாவி மகளே, நீ இங்கேயா இருக்கே என்று வாய்விட்டு அழுதுவிட்டேன்.

இந்தப் பதிவெல்லாம் எப்போது எடுத்தது என்று அழுகையோடு கேட்டேன். எல்லாமே இந்த வருஷம் எடுத்ததுதான் என்றான் ஜெபசிங். அப்படியென்றால் மலேசியாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏற்காட்டில் அந்த ஆள் வீட்டில் இருக்கிறாள்.

எல்லாம் விளங்கியது. கல்யாணக் கோஷ்டியில் தலைமைச் சமையல்காரர் எதையும் வாயில் வைக்க மாட்டார். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் நாக்கில் பட்டால் எச்சில். மணத்தை வைத்தும் கொதியை வைத்தும்தான் உப்பு சொல்வார்கள். தில்லைநாதனும் ருசி பார்க்காததை எல்லாரும் ஆசாரம் என்றே நினைத்தோம், பக்தி என்று மெச்சினோம். நாக்கில் ருசியே தெரியாதவனுக்கு அந்த ஆசாரம் எவ்வளவு வசதி! எச்சில் என்று நான் அந்தப் பட்டையைத் தொடாமல் இருந்ததும் அவனுக்கு வசதியாகத்தான் போயிருக்கிறது. டிவிக்கு வந்த பிறகு சப்புக்கொட்டிக் காட்ட வேண்டியிருந்ததால், ருசிக்கு ஒரு ஆளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். அந்த ஆள் வெளியே போனால் அவன் மானம் போய்விடும்.

போலீசில் சொன்னேன். பல் இல்லாததை வைத்து ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்குள் எப்படிம்மா போவது என்றார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, எனக்கே அது கிறுக்கு மாதிரித்தான் கேட்டது. அங்கே நாம் போக முடியாவிட்டால் அவளை இங்கே வரவைக்க வேண்டும் என்று தோன்றியது. பரசுராமனிடம் போய், கடைசிப் பகுதியைத் தில்லைநாதனே மேடையில் சமைக்கிற நேரலை விருந்தாக வைக்கச் சொல்லி நேயர்கள் கேட்கிறார்கள் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். பொய்யை மெய்யாக்க டீச்சருக்கு ஒரு போன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தன் பழைய மாணவிகள் அத்தனை பேரையும் எழுத வைத்துவிட்டார். இது அவர் நாக்கு இல்லை என்று சந்தேகமாக இருக்கிறது, நேரில் ருசித்துக் காட்டட்டும் என்று எழுதச் சொன்னதும் டீச்சர்தான். அதைப் படித்த தில்லைநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. அரங்கம் நிறையக் கூட்டம், எல்லார் அண்ணத்திலும் பட்டை. முன்வரிசையில், நான் புகார் சொன்ன ஸ்டேஷனின் பெண் சப்-இன்ஸ்பெக்டருக்குப் பாஸ் கொடுத்திருந்தேன். சாப்பாட்டு நிகழ்ச்சி என்று தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். தில்லைநாதன் பட்டு வேட்டியில் வந்தார், கை கூப்பினார், சிரித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டே நிறையப் பேர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள்.

முதல் கரண்டி சாம்பாரை அவர் நாக்கில் விட்டுக் கண்ணை மூடியதும் அரங்கம் முழுக்க ஆகா என்றது. என் காதில் மாட்டியிருந்த கருவியில் ஜெபசிங் பேசினான். ருசி வருகிறதாம், ஆனால் மேடையிலிருந்து வரவில்லையாம். கட்டடத்துக்குப் பின்பக்கம் இருந்து வருகிறதாம். அதே நேரம் மேடையின் ஓரத்தில் ஒருவன் அடுத்த பதார்த்தத்தை மூடி போட்ட கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போவதைப் பார்த்தேன். கிண்ணம் போன வழியே நானும் போனேன்.

பின்னால் தில்லைநாதனின் பெரிய வேன் நின்றது. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு நாற்காலியில் கையை மடியில் கோத்துக்கொண்டு இசக்கி உட்கார்ந்திருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. என்னைவிட ஆறு வயசு சின்னவள். கிண்ணம் கொண்டுவந்தவன் பாயசத்தை ஒரு கரண்டி எடுத்து நீட்ட, மருந்துக்குத் திறக்கிற மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். பார்வை கரண்டியை விட்டு அசையவில்லை. எதிரே சின்னத் திரையில் தில்லைநாதன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி இசக்கி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயில் பாயசம் இருந்தது, அதை விழுங்கக்கூட இல்லை. கண் மட்டும் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, உதட்டோரமாக வாய்க்குள் போயிற்று.

அந்த நேரம் மேடையில் நடந்ததைப் பிறகு பதிவில் பார்த்தேன். தில்லைநாதன் பாயசத்தை ருசித்துவிட்டு, இனிப்பு இதற்கு மேல் ஒரு சிட்டிகை கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம் என்று கையை உயர்த்திச் சொல்கிறார். அரங்கத்தில் ஒருத்தரும் கைதட்டவில்லை. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சப்-இன்ஸ்பெக்டரின் மகள் மட்டும் சத்தமாகச் சொல்கிறாள்:

"அம்மா, பாயசம் உப்பா இருக்கு."

தில்லைநாதன் விடாமல் இனிப்பையே புகழ்கிறார். ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு பாயசம் கரிக்கிறது. என்ன நடக்கிறது என்று தெரியாத ஒரே வாய் மேடையில் இருந்த அந்த வாய்தான். பிறகு அவர் திரும்பிப் பின்வாசலைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

கைது, விசாரணை எல்லாம் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏற்காட்டு வீட்டில் சங்கிலி கிடையாது, வெளிக்கதவில் பூட்டுகூடக் கிடையாது. எத்தனையோ தடவை அவள் நடந்து வெளியே போயிருக்கலாமே, ஏன் போகவில்லை என்று டிவியில் உட்கார்ந்து கேட்டார்கள். பட்டை போட்டுத் தொடரைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இசக்கியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கே பரசுராமன் பழக்கூடையோடு வந்தார். அடுத்த தொடர் இசக்கியின் கதையாக இருந்தால் எப்படி இருக்கும், அவளே பட்டை போட்டுக்கொண்டால் எவ்வளவு உண்மையாக இருக்கும் என்றார். பழக்கூடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு நீதிமன்றம் சொல்லி எல்லாப் பட்டைகளையும் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

இசக்கியை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான் எது போட்டாலும் சாப்பிடுவாள். எப்படிட்டி இருக்கு என்றால் சரியா இருக்கு என்பாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாள், என் கையைப் பார்த்துச் சொல்வாள். காரத்தை அள்ளிப் போட்டாலும் அதேதான். கிராம்பு வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அவள் இன்னும் வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அலுவலகத்திலும் எனக்கு மனசே சரியில்லை. தருமபுரி டிரைவருக்கு இன்னும் அந்த வியாதி போகவில்லை. ரோஸ்லின் டீச்சர் குறை எழுதுவதையே நிறுத்திவிட்டார். என்னவோ ஏதோ என்று நானே எழுதிக் கேட்டேன். செய்தி சரியாக இருக்கிறது, தொடர்கள் சரியாக இருக்கின்றன, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சுண்டவற்றல் குழம்பு வைத்திருந்தேன். ஏதோ யோசனையில் உப்புப் போட மறந்துவிட்டேன், எனக்கே தெரியாது. இசக்கி ஒரு வாய் சாப்பிட்டாள். நாக்கு இடது பக்கம் மேலே போவது கன்னத்தில் தெரிந்தது. தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"யக்கா, உப்பே போடலியே நீ" என்றாள்.

நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதுக்குட்டி இம்புட்டு நாள் சொல்லலை, எதுக்குட்டி சொல்லலை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் அழுதாள், பிறகு சிரித்தாள், குழம்பு ஆறிப்போகும் என்றாள்.

மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் டீச்சரின் கடிதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அனுப்பியது. பல மாதத்துக்குப் பிறகு இன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன், ஆனால் அவள் போட்டிருந்தாளாம், அது கிடக்கட்டும், இன்றைய மழை அறிக்கையில் கன்னியாகுமரியைக் காணோமே, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே தருமபுரி. அதற்குக் கீழே திண்டுக்கல், கரூர். எல்லாமே ஞாயிறு மதியம். எல்லார் வீட்டிலும் உப்புப் போட்டிருந்தார்கள்.

ஜெபசிங்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவழிதான் என்று சொன்னாயே தம்பி, பட்டைகூட இப்போது யாரிடமும் இல்லையே என்று கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கீழே வரைக்கும் படித்தான். பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நேற்று மதியம் அவன் அம்மாவிடம் அவனும் சண்டை போட்டதாகச் சொன்னான். பிரியாணியில் உப்பே இல்லை என்று.